ஒரு முழப் பாத்தியம்

குளிர்க்குழாய் வாரியத்தில் பாத்தியப் பிரிவு அதிகாரி என்று தாவூதின் அடையாள அட்டை சொல்லும். அடுத்தவர் மண்ணுக்கு அடியில் குழாய் போவதற்கு வழி கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குகிற உத்தியோகம். அவன் மனைவி அதைப் பெண் பார்க்கப் போகிற வேலை என்பாள். சிரித்த முகத்தோடு போக வேண்டும், கொடுத்ததைக் குடிக்க வேண்டும், வீட்டைப் பார்த்து நல்ல வீடு என்று சொல்ல வேண்டும், கடைசியில் சம்மதம் வாங்கிக்கொண்டு எழுந்து வர வேண்டும். சோலைநகரில் முந்நூறு வீடுகளில் அவன் அப்படிச் சம்மதம் வாங்கியிருக்கிறான். அறிவுக்கொடி வீட்டில் மட்டும் மோர் கிடைத்ததே தவிர, கையெழுத்து கிடைக்கவில்லை.

"உக்காருங்க தம்பி. அந்த நாற்காலில வேண்டாம், அது ஆடும். நாற்காலி நல்லாத்தான் இருக்கு, தரைதான் சரியில்லை" என்றார் அறிவுக்கொடி.

ஹாலின் நடுவில் டைல்ஸ் பொங்கி எழுந்திருந்தது. வாசல் ஓரத்தில் கிளம்பி, குறுக்கே ஓடி, அடுப்படி வழியாகப் பின்சுவர் வரை ஒரு மேடு. அதன்மேல் வெறுங்காலை வைத்தால் ஐஸ் பெட்டிக்குள் வைத்தது போல் இருந்தது. வெளியே திருச்சி வெயில் காலை பத்து மணிக்கே தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பத்து வருடத்தில் ஏறிய வெயிலில் மதியம் தெருவில் நடமாட்டமே கிடையாது. அந்த வெயிலைச் சமாளிக்கத்தான் குளிர்க்குழாய் வந்தது.

அறிவுக்கொடிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பெண்களுக்கு இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். திராவிட இயக்கக் குடும்பம் என்பது பெயரிலேயே தெரியும். அப்பா விட்டுப்போனது அந்தப் பெயரையும் யாருக்கும் பயப்படாத தொண்டையையும்தான். வீடு முழுக்க அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் குழாய் உயிரோட இருக்கா, இல்லையா?"

"பாதி உயிர் மேடம். வேர்க்குழாய்னு சொல்றோம்ல, மரத்தோட வேர் மாதிரி மண்ணுக்குள்ள தானா வளரும். உள்ள ஓட்டையா இருக்கும், அதுல குளிர்ந்த தண்ணி ஓடும். ரோட்டைத் தோண்ட வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். அதனாலதான் இவ்வளவு மலிவா ஊர் முழுக்கக் குளிர் கொடுக்க முடியுது."

"பாதி உயிர்னா பாதி புத்தியாவது இருக்கணுமே. எங்க போகணும்னு அதுக்கு யார் சொல்றது?"

"வீட்டுக்குப் பின்னாடி, வடக்குச் சுவரை ஒட்டி ஆறடி விட்டிருக்கீங்கல்ல, அதுல ஒரு கம்பி புதைச்சிருக்கோம். அதுல லேசா கரண்ட் ஓடும். அதைப் பிடிச்சுக்கிட்டே வளரும். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் வளர்ந்துச்சு."

"என் வீட்டுல?"

தாவூது மோரைக் குடித்தான். கிழக்கே இருந்து தெருவில் வீடு வீடாக ஒழுங்காக ஆறடிக்குள் வந்த குழாய், அறிவுக்கொடி வீட்டு எல்லையைத் தொட்டதும் ஏதோ நினைத்துக்கொண்டது போலத் திரும்பி, வீட்டுக்கு அடியில் மூலைவிட்டமாக ஓடி, முன்பக்கம் தெருவோரத்து மூலை வரை போய், அங்கிருந்து வளைந்து அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. ஏன் என்று வாரியத்துப் பொறியாளர்களுக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் வாரியம் வழக்கமாகச் செய்வதைச் செய்தது. புது விதி ஒன்றைக் கொண்டுவந்தது.

அதற்கு நகரும் பாத்தியம் என்று பெயர். குழாய் எங்கே போகிறதோ அங்கே இரண்டு பக்கமும் மும்மூன்று அடி வாரியத்தின் பாத்தியம். அந்த இடத்தின்மேல் கட்டடம் இருக்கக்கூடாது. அறிவுக்கொடி கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு உண்டு. ஆனால் ஹாலும் அடுப்படியும் போய்விடும். மிஞ்சுவது ஒரு படுக்கையறையும் மாடிப்படியும். ஒரு வீடு ஒத்துக்கொண்டால் போதும், அதையே காட்டி மற்ற எல்லா வீட்டுக்கும் விதியை நீட்டிவிடலாம் என்பது மேலாளர் பத்மினியின் கணக்கு. தாவூதுக்கு அது தெரியும். மீதி மோரை அவன் குடிக்கவில்லை.

"நான் வண்டி கத்துக்கொடுக்கிறப்ப முதல் நாள் என்ன சொல்லுவேன் தெரியுமா தம்பி?" என்றார் அறிவுக்கொடி. "பக்கத்து லேனுக்குப் போகணும்னா கண்ணாடியைப் பாரு, கையைக் காட்டு, அவன் வழி விட்டா போ. விடலைன்னா உன் லேன்லயே கிட. உங்க குழாய் கண்ணாடியும் பார்க்கலை, கையும் காட்டலை. நான் ஆறடி கொடுத்தேன். மனசாரக் கொடுத்தேன். அதுல ஒரு முருங்கைக் கன்றுகூட வைக்கலை. மீதி என் வீடு."

"வாரியம் வெப்ப அவசரச் சட்டத்தைக் காட்டும் மேடம்."

"காட்டட்டும். எங்க வக்கீல் இன்னொண்ணு காட்டுறார். பக்கத்து வீட்டு மரத்தோட வேர் நம்ம எல்லைக்குள்ள வந்தா நாம வெட்டிக்கலாம். யாரையும் கேக்க வேண்டியதில்லை. இது பாதி உயிர்னு நீங்களே சொன்னீங்க. வேர்தானே?"

மாடிப்படிக்குக் கீழே புது மர அறுவை இயந்திரம் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. தாவூது அதையே பார்த்தான். இந்த இடத்தில் குழாயை வெட்டினால் மேற்கே இருக்கிற பாதி ஊருக்குக் குளிர் நின்றுபோகும். குழாயின் கடைசிக் கண்ணி அரசுத் தாய்சேய் மருத்துவமனை. இந்தச் சித்திரையில் அங்கே குளிர் நின்றால் என்ன ஆகும் என்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள், திறந்திருந்த கதவு வழியாக ஒரு பெண் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

"அக்கா, ரெண்டு குடம் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க புஷ்பம். மூடியைச் சரியா மூடிட்டுப் போ."

எதிர்ச் சாரியில் இருக்கிற லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவள் மரியபுஷ்பம். தெருவோரத்தில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறாள். லைன் வீடுகளுக்குக் குளிர்க்குழாய் கிடையாது. பாத்தியம் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குத்தான் குளிர், கொடுப்பதற்கு மண் இல்லாதவர்களுக்கு இல்லை. தண்ணீர் லாரியும் அந்தப் பக்கம் திரும்பாது. வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த அறிவுக்கொடியின் தரைத்தொட்டியில், அதை ஊரில் எல்லோரும் சம்ப் என்பார்கள், அவர்கள் குடம் குடமாக எடுத்துப் போவார்கள்.

குடத்தை நிரப்பிவிட்டு வந்த மரியபுஷ்பம், பொங்கியிருந்த தரையில் குழந்தையைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தாள். அது வழக்கம் போலிருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

"ஒரு விஷயம் பேசிக்கிட்டிருக்கோம் புஷ்பம்" என்றார் அறிவுக்கொடி. "இந்தக் குழாயை வெட்டலாமான்னு."

மரியபுஷ்பம் தாவூதைப் பார்த்தாள், மாடிப்படிக்குக் கீழே பார்த்தாள். "உங்க வீடு, நான் என்னக்கா சொல்றது. இவ பொறந்தப்ப ஒன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில இந்தக் குழாய்க் குளிர் வர்ற ரூம்ல வச்சுத்தான் பொழைக்க வச்சாங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தை அறிவுக்கொடி காலால் தொட்டுப் பார்த்தார்.

"வெட்ட எனக்கு உரிமை இருக்குன்னுதான் சொன்னேன் தம்பி. வெட்டுவேன்னு சொல்லலை. ஆனா அதை உங்க மேனேஜர் மேடம்கிட்ட சொல்லிடாதீங்க."

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, கிழக்குப் பக்கக் காம்பவுண்ட் சுவருக்கு மேல் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. இரத்தினசபாபதி, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் இவர்கள் இருவரும் பதினெட்டு வருடமாக ஒரே சண்டையைச் சலிக்காமல் போட்டு வருகிறார்கள்.

"என்னம்மா அறிவு, வாரியத்துக்காரர் வந்திருக்கார் போல. நான் அன்னைக்கே சொன்னேன். கன்னி மூலையில, தென்மேற்குல பள்ளம் தோண்டாதே, சம்ப் வைக்கிறதுன்னா ஈசான்யத்துல வைன்னு. கேட்டியா? இந்தத் தெருவுல இத்தனை வீடு இருக்கு, எல்லாரும் ஈசான்யத்துலதான் வச்சிருக்கோம். யார் வீட்டுக்காவது ஏதாவது ஆச்சா? உன் வீட்டுக்கு மட்டும் ஏன் ஆச்சு?"

"தண்ணி லாரி வாசல்ல நிக்குது சார், அதனால வாசல்ல வச்சேன். நீங்க ஈசான்யத்துல வச்சுட்டு, நாள் தவறாம ஹோஸைத் தூக்கிக்கிட்டு வீட்டைச் சுத்தி ஓடுறீங்க" என்றார் அறிவுக்கொடி. சொல்லி வைத்த பாட்டு மாதிரி வந்தது.

தாவூது எழுந்து நின்றான். கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க. எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும். ஈசான்யம்னா வடகிழக்கு தம்பி, தண்ணிக்கு உரிய இடம். உங்க பக்கமும் மனையடி பார்க்கிறவங்க உண்டே."

வடகிழக்கு. வீட்டுக்குப் பின்னால், வடக்குச் சுவரை ஒட்டி. ஆறடிப் பாத்தியத்துக்குப் பக்கத்திலேயே. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டித் தண்ணீர், தண்ணீரைச் சுற்றி ஈர மண். தாவூது அறிவுக்கொடியைப் பார்த்தான். அவர் அதற்கு முன்பே அதைப் பிடித்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"அது கம்பியைப் பார்க்கவே இல்லை" என்றார் அவர். "ஈரத்தைப் பார்த்திருக்கு. சம்ப்புக்குச் சம்ப் தாண்டித் தாண்டி வந்திருக்கு. என் சம்ப் மட்டும் இந்த மூலையில இருந்ததால இந்த மூலைக்குப் போயிருக்கு."

வாரியம் இந்தத் தெருவில்தான் வேர்க்குழாயை முதலில் வளர்த்துப் பார்த்தது. கம்பி வேலை செய்கிறது என்று இங்கே பார்த்துத்தான் ஊர் முழுக்கக் கம்பி புதைத்தது. வெளியூரில் படித்துவிட்டு வந்த பொறியாளர்கள் மண்ணைச் சோதித்தார்கள், மின்சாரத்தைச் சோதித்தார்கள். ஒரு தெரு முழுக்க ஒரே மூலையில் தண்ணீர்த் தொட்டி கட்டி வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. தாவூது அறிந்தவரையில் வாஸ்து பார்த்து வளர்ந்த ஒரே குழாய் இதுதான்.

அறிவுக்கொடி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று தாவூது கண்டுகொண்டான். அவனுக்கும் புரிந்திருந்தது, ஆனால் அதை அவரிடம் சொல்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

"சொல்லுங்க தம்பி, வாய்க்குள்ளயே வச்சிருக்காதீங்க."

"இந்தச் சம்ப்பைக் காய விட்டுட்டு, பின்னாடி ஆறடிக்குள்ள புதுசா ஒண்ணு தோண்டினா, குழாய் அந்தப் பக்கம் ஒரு கிளை விடும்க்கா. அது அடுத்த வீட்டுக் குழாயோட போய்ச் சேர்ந்துடும். மழைக்காலத்துக்குள்ள பழைய கிளையை எடுத்துடலாம். வீட்டை இடிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கும் குளிர் நிக்காது." மேடம் எப்போது அக்கா ஆனார் என்பதை அவனே கவனிக்கவில்லை.

"ஈசான்யத்துல" என்றார் அறிவுக்கொடி.

"ஆமாக்கா. ஈசான்யத்துல."

சுவருக்கு மேலிருந்த வழுக்கைத் தலை மறைந்தது. செய்தி தெருமுனைக்குப் போகிறது என்று அர்த்தம்.

இந்தப் பெண்மணி குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் மனையடி சாஸ்திரத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியவர். கன்னி மூலையில் சம்ப் வைத்து ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்று பதினெட்டு வருடம் தன் வீட்டையே சாட்சியாக நிறுத்தியவர். இப்போது ஊரே பார்க்க அதை மூடிவிட்டு ஈசான்யத்தில் தோண்ட வேண்டும். வெட்டினால் அவர் ஜெயிப்பார், அதற்கு உரிமையும் இருந்தது. அவர் தோண்டுவதாகச் சொன்னார்.

ஆனால் சும்மா சொல்லவில்லை. மறுநாள் தாவூதோடு வாரிய அலுவலகத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பத்மினியின் எதிரே உட்கார்ந்தார்.

"சம்ப் மாத்துற செலவு என்னோடது. கோடை முழுக்கப் பின்பக்கம் ஹோஸ் இழுக்கிற பாடும் என்னோடது. உங்க நகரும் பாத்தியம் மட்டும் போயிடணும். எனக்கு மட்டும் இல்லை, எல்லா வீட்டுக்கும். வேரை வெட்ட மிஷினும் வாங்கி வச்சிருக்கேன்."

"ஒரு வீட்டுக்காக விதியை மாத்த முடியாதும்மா" என்றார் பத்மினி.

"ஒரு வீட்டை வச்சு எல்லா வீட்டுக்கும் விதி போடலாம்னு மட்டும் நினைச்சீங்களே. நீங்க என் மண்ணுக்கு அடியில போறீங்க மேடம், அதுக்கு நான் மறுப்பு சொல்லலை. ஆனா எவ்வளவு இடம்னு சொல்றது நான்தான். அது இல்லைன்னா அதுக்குப் பேரு வீடு இல்லை, வாரியத்துக் கிடங்கு. அதுல நான் வாட்ச்மேன்."

பத்மினி தாவூதைப் பார்த்தார். அந்த அறுவை இயந்திரம் உண்மையா என்பது அந்தப் பார்வையின் பொருள். தாவூது பொய் சொல்லவில்லை. புதுசு, பெட்டியோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னான். சாயங்காலத்துக்குள் விதி வாபஸ் ஆனது. உத்தியோகத்தில் சேர்ந்ததிலிருந்து அவன் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனதில்லை.

புது சம்ப் தோண்டுகிற அன்று இரத்தினசபாபதி எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்துவிட்டார். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. குழாய் ஈரத்தைத் தேடி வந்த கதையை அறிவுக்கொடி எடுத்துச் சொல்வார் என்று தாவூது காத்திருந்தான். அவர் சொல்லவே இல்லை.

"கற்பூரம் தண்ணிக்குள்ள விழாம பார்த்துக்கங்க சார், அது போதும்" என்றார்.

தாவூது ஆற்றாமையோடு கேட்டான். "ஏன்க்கா சும்மா விட்டீங்க? நீங்க தோத்துட்டதா ஊர் முழுக்கப் பேசுறாங்க."

"பேசட்டும் தம்பி. அவர் வாஸ்து ஜெயிச்சதுன்னு நினைச்சாத்தான் அவர் சம்ப்பை அந்த இடத்தை விட்டு மாத்த மாட்டார். ஒவ்வொருத்தனும் நாளைக்குத் தன் இஷ்டத்துக்கு மாத்தினா குழாய் எங்கெங்க திரும்பும்னு யோசிச்சீங்களா? ஆஸ்பத்திரிக்குக் குளிர் போகட்டும். என் பேச்சை நான் இன்னொரு நாள் பேசிக்கிறேன்."

தான் சரி என்று தெரிந்தும் வாயை மூடிக்கொள்ள முடிந்த ஒரு மனுஷியை அவன் முதல்முறையாகப் பார்த்தான். அன்றிலிருந்து அவருக்கு எதிரே உட்காரும்போது அவன் கால்மேல் கால் போடுவதில்லை.

இதில் அடிபட்டது எதிர்ச் சாரி. வாசல் சம்ப் காய்ந்துவிட்டதால் லைன் வீட்டுப் பெண்கள் அறிவுக்கொடியின் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லை வரை நடந்து குடம் தூக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் அதைப் பார்த்துப் பொறுக்காமல், அறிவுக்கொடி லாரிக்காரனோடு சண்டை பிடித்து, தெருவின் அந்தப் பக்கம் மரியபுஷ்பத்தின் இஸ்திரி வண்டிக்கு அருகில் பாதி மண்ணுக்குள் புதைத்து ஒரு சிமெண்ட் தொட்டி வைக்கச் செய்தார். மாநகராட்சி இடம். யாரும் தடுக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன் தாவூது அறுப்பு ஆட்களோடு வந்தான். புதுக்கிளை ஆறடிக்குள் கட்டுக்கோப்பாக வளர்ந்து மேற்கு வீட்டோடு சேர்ந்துவிட்டது. ஹாலுக்கு அடியில் இருக்கிற பழைய கிளை வற்றிச் சுருங்கியிருக்க வேண்டும், அறுத்து எடுத்துவிட்டுத் தரையைப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மேடு பாதியாகத் தணிந்திருந்தது. ஆனால் அவன் காலை வைத்தபோது தரை ஜில்லென்று இருந்தது.

கருவியை வைத்துப் பார்த்தார்கள். கிளை மணிக்கட்டு கனத்துக்கு மெலிந்திருந்தது, ஆனால் சாகவில்லை. காய்ந்த சம்ப் வரை போய், அங்கே ஈரம் இல்லாததால் நிற்காமல், தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போயிருந்தது. தாவூது கருவியைப் பிடித்தபடியே சாலையைக் கடந்தான். அது சிமெண்ட் தொட்டியில் போய் முடிந்தது. தொட்டியின் வெளிப்பக்கம் வேர்த்து நீர் சொட்டியது. அதைச் சுற்றி லைன் வீட்டுக் கிழவர்கள் இருவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். மரியபுஷ்பம் தன் வண்டியைத் தொட்டியோடு ஒட்டி நிறுத்தியிருந்தாள். அவள் குழந்தை தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

"புரட்டாசிலேர்ந்து இப்படித்தான் ஜில்லுனு இருக்கு சார்" என்றாள். "ஏன்னு தெரியலை. யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு இருந்தோம்."

தாவூது திரும்பி வந்தான். பாத்தியம் இல்லாத குழாயை வாரியம் விட்டுவைக்காது, விதி அப்படி. அறிவுக்கொடிக்கோ வெட்டச் சொல்லும் முழு உரிமை இருந்தது. அவர் வீடு பொங்கியது, அவர் கோடை முழுக்கப் பாடுபட்டார், தரையைத் திரும்பக் கேட்பது நியாயம். அவன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அறுப்பு ஆட்களை வெளியே நிற்கச் சொன்னான். சம்மதம் கேட்கிற வேலை அவனுக்குப் பழக்கம்தான். அன்று அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை.

அறிவுக்கொடி வாசலில் நின்று எதிர்ச் சாரியைப் பார்த்தார்.

"வாசல்ல, கன்னி மூலையில சம்ப் வச்சதாலதானே தம்பி அது ரோடு வரைக்கும் வந்துச்சு?"

"ஆமாக்கா. பின்பக்கமே வச்சிருந்தீங்கன்னா அந்தப் பக்கம் போயிருக்கவே போயிருக்காது."

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வழுக்கைத் தலை அங்கேதான் இருந்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

"வாரியத்துக்கு எவ்வளவு அகலம் வேணும்?"

"இந்தக் கிளைக்கு ஆறடி எல்லாம் வேண்டாம்க்கா. தரையை உடைக்காம விட்டாலே போதும். கொஞ்சம் மேடா இருக்கும். நாற்காலி ஆடும்."

"ஒரு முழம்" என்றார் அறிவுக்கொடி. "என் ஹாலுக்கு அடியில, இந்த மூலை வரைக்கும். நல்லாக் கேட்டுக்கங்க, நீங்க எடுக்கலை. நான் கொடுக்கிறேன். உங்க வாரியத்துக்கும் இல்லை, அந்தத் தொட்டிக்கு. தொட்டியைச் சுத்தி ஆள் இருக்கிறவரைக்கும் இந்தப் பாத்தியம் இருக்கும். எனக்கு அப்புறம் யார் இந்த வீட்டை வாங்கினாலும் இருக்கும். அப்படி எழுதலாம்ல?"

"எழுதலாம்க்கா." தாவூது காகிதத்தை எடுத்தான். முந்நூறு வீடுகளில் அவன் சம்மதம் வாங்கியிருக்கிறான், யாரும் இப்படித் தானாகக் கொடுத்ததில்லை. "முழம்னு எழுத முடியாது. அளவு வேணும். ஆளுக்கு ஆள் மாறும்ல."

"அதுக்கென்ன. புஷ்பத்தைக் கூப்பிடுங்க. அவ கையால அளந்து, அந்த அளவை எழுதிக்குங்க."

மரியபுஷ்பம் ஒன்றும் புரியாமல் சாலையைக் கடந்து வந்தாள். சொன்னபடி மண்டியிட்டு, டைல்ஸ் பொங்கிய இடத்தில் முழங்கையை ஊன்றி, விரலை நீட்டி வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அங்கங்கே கறுத்துப்போன கை. தரையின் குளிர் பட்டதும் கொஞ்ச நேரம் அதை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

தாவூது குனிந்து விரல் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.